குழாய்வழி உணவூட்டல்

குழாய்வழி உணவூட்டல் என்பது வாயால் போதிய அளவு உண்ண இயலாத நோயாளிக்கு, மென்மையான குழாய் ஒன்றின் வழியாக நீர்ம உணவை நேரடியாக இரைப்பைக்கோ சிறுகுடலுக்கோ செலுத்தும் மருத்துவ முறையாகும். மெல்லுதல், விழுங்குதல் ஆகிய இரு செயல்களை மட்டுமே இம்முறை தவிர்க்கிறது. செரித்தலும் உறிஞ்சுதலும் வழக்கம்போல உடலுக்குள்ளேயே நடைபெறுகின்றன. எனவே குடல் இயங்கும் நிலையில் உள்ளவர்களுக்கே இது பயன்படும். குடல் இயங்காத நிலையில், சத்துக்களைக் குருதிக்குள் செலுத்தும் சிரைவழி உணவூட்டல் கையாளப்படுகிறது.

இந்திய மருத்துவமனைகளில் மூக்கு வழியாக இடப்படும் குழாய் பெரும்பாலும் 'ரைல்ஸ் குழாய்' என்ற பெயரால் அறியப்படுகிறது. சிலருக்கு இக்குழாய் ஓரிரு நாட்களுக்கே தேவைப்படும். வேறு சிலர் ஆண்டுக்கணக்கில் இதனுடன் வாழ்கின்றனர். பார்ப்பதற்கு எளிய முறையாகத் தோன்றினும், குழாயின் நுனி தவறான இடத்தில் இருந்தாலோ, நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்கு உணவு விரைவாகச் செலுத்தப்பட்டாலோ உயிரிழப்பு நேரலாம். மேலும், வாயால் உண்ண இயலாதவர் அனைவருக்கும் இம்முறை நன்மை தருவதில்லை.

தேவைப்படும் நிலைகள்

விழுங்குதல் என்பது வாய், தொண்டை, உணவுக்குழல் ஆகியவற்றின் பல தசைகள் மூளைத்தண்டின் கட்டுப்பாட்டில் ஒழுங்காக இயங்குவதால் நிகழும் செயலாகும். உணவு கடந்து செல்லும் கணத்தில் குரல்வளை மேலெழுந்து மூச்சுப்பாதை மூடப்படுகிறது. இவ்வொழுங்கு குலையும்போது உணவு மூச்சுக்குழலுக்குள் நுழைகிறது. இதுவே புரையேறுதல் ஆகும். குழாய்வழி உணவூட்டல் தேவைப்படக்கூடிய முதன்மையான நிலைகள் பின்வருமாறு:

• பக்கவாதம், தலைக்காயம், இயக்க நரம்பணு நோய் போன்ற நரம்பு மண்டலப் பாதிப்புகள்.
• வாய், தொண்டை, உணவுக்குழல் ஆகியவற்றில் ஏற்படும் புற்றுநோயும் அதற்கான அறுவை, கதிர்வீச்சு மருத்துவங்களும்.
• நினைவிழந்த நிலை, செயற்கைச் சுவாசக் கருவியின் உதவியில் இருக்கும் நிலை.
• கடுமையான தீக்காயம் போன்று, உடலின் உணவுத் தேவை பெரிதும் உயரும் நிலைகள்.
• குறைமாதக் குழந்தைகள். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கிணைக்கும் திறன் கருக்காலத்தின் ஏறத்தாழ 32 முதல் 34ஆவது வாரத்தில்தான் உருவாகிறது. அதுவரை, கறந்தெடுத்த தாய்ப்பால் குழாய் வழியாகப் புகட்டப்படுகிறது.

குடல் வழியின் சிறப்பு

குடல் இயங்குமாயின் அதையே பயன்படுத்த வேண்டும் என்பது மருத்துவ உணவூட்டலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. குடலின் உட்சுவரில் உள்ள செல்கள் தமக்குத் தேவையான ஆற்றலில் ஒரு பகுதியைத் தம்மைக் கடந்து செல்லும் உணவிலிருந்தே பெறுகின்றன. உணவு வராதபோது உட்சுவர் மெலிவடைகிறது. சிரைவழி உணவூட்டலுக்குப் பெரிய சிரையில் குழாய் இட வேண்டியிருப்பதால் குருதித் தொற்று ஏற்படும் வாய்ப்பும் உண்டு, செலவும் மிகுதி.

இக்காரணங்களால், தீவிர மருத்துவப் பிரிவில் உள்ள நோயாளிகளுக்கு முதல் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் குழாய்வழி உணவைத் தொடங்குமாறு பரிந்துரைக்கப்படுகிறது. எனினும் குருதி அழுத்தம் மிகவும் வீழ்ந்த அதிர்ச்சி நிலையில் குடலுக்குப் போதிய குருதி செல்வதில்லை. அந்நேரத்தில் முழு அளவு உணவைச் செலுத்தினால் குடல் திசு அழியும் ஆபத்து உண்டு. ஆகவே நோயாளி நிலைபெறும்வரை காத்திருப்பர்.

வரலாறு

உணவை வாய் வழியன்றிச் செலுத்தும் முயற்சிகளுள் மலக்குடல் வழி உணவூட்டல் பழமையானது. இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1881 சூலை 2 அன்று சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்பீல்டு ஆவார். அவரால் உணவு ஏற்க இயலாதபோது மாட்டிறைச்சிச் சாறு, முட்டையின் மஞ்சட்கரு முதலியவை மலக்குடல் வழியே செலுத்தப்பட்டன. பெருங்குடல் முதன்மையாக நீரையும் உப்புக்களையும் உறிஞ்சும் உறுப்பாதலால், இவ்வழியில் அவருக்குக் கிடைத்த சத்து மிகச் சிறிதே. உடல் மிகவும் மெலிந்து, தொற்றினாலும் நலிந்து, செப்டம்பர் 19 அன்று அவர் இறந்தார்.

மேலிருந்து குழாய் இடும் முறையும் நெடுங்காலமாக முயலப்பட்டு வந்தது. 1617இல் இத்தாலிய மருத்துவர் பாப்ரிசியசு, நரம்பிசிவு நோயால் தாடை இறுகியவர்களுக்கு மூக்கு வழியாக வெள்ளிக்குழாய் இட்டார். 1790இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், விழுங்கும் தசைகள் செயலிழந்த ஒருவருக்குத் திமிங்கில எலும்பாலான மெல்லிய கோலின்மீது விலாங்குமீன் தோலைப் போர்த்திச் செய்த குழாயின் வழியாக உணவளித்தார்.

1921இல், அமெரிக்காவில் ஆபிரகாம் லெவினும் இங்கிலாந்தில் ஜான் ஆல்பிரட் ரைலும் தத்தம் பெயரால் அறியப்படும் மூக்கு-இரைப்பைக் குழாய்களை அறிமுகப்படுத்தினர். ரைல் தம் குழாயை உருவாக்கியது உணவளிப்பதற்காக அன்று. இரைப்பை நீரை எடுத்து ஆராய்வதற்காகவே ஆகும்.

வயிற்றுச் சுவரில் துளையிட்டு இரைப்பைக்கு வழியமைக்கும் அறுவையை 1849இல் பிரான்சின் சார்லசு செடில்லோ முதன்முதலில் மனிதருக்குச் செய்தார். அந்நோயாளி பிழைக்கவில்லை. 1870களில்தான் இவ்வறுவைக்குப் பின் நோயாளிகள் உயிர்வாழத் தொடங்கினர். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கேல் கௌடரர், ஜெப்ரி பொன்ஸ்கி ஆகிய இருவரும் வயிற்றைத் திறக்காமலேயே, எண்டோஸ்கோப் எனப்படும் அகநோக்கியின் துணையுடன் ஒரு கைக்குழந்தைக்கு இரைப்பைக் குழாயைப் பொருத்தினர். 1980இல் வெளியிடப்பட்ட இம்முறை உலகெங்கும் பரவியது.

குழாய் வகைகள்

குழாயின் தேர்வு, அது எவ்வளவு காலம் தேவைப்படும் என்பதையும், உணவை இரைப்பைக்குச் செலுத்தலாமா, அதையும் தாண்டிச் செலுத்த வேண்டுமா என்பதையும் பொறுத்தது.

மூக்கு-இரைப்பைக் குழாய்: சில நாட்கள் முதல் நான்கு அல்லது ஆறு வாரங்கள் வரையிலான தேவைக்கு ஏற்றது. மண்டையோட்டின் அடிப்பகுதியில் எலும்பு முறிவு இருப்பின் மூக்கு வழியாகக் குழாய் இடப்படுவதில்லை. குழாய் மூளைப் பகுதிக்குள் நுழைந்துவிடக் கூடும் என்பதே காரணம். அத்தகையோருக்கும், மூக்கு வழியாகவே மூச்சுவிடும் சிறு குழந்தைகள் பலருக்கும் வாய் வழியாகக் குழாய் இடுவர்.

மூக்கு-சிறுகுடல் குழாய்: இரைப்பை சரியாகக் காலியாகாதவர்களுக்குக் குழாயின் நுனி முன்சிறுகுடலிலோ இடைச்சிறுகுடலிலோ வைக்கப்படுகிறது.

இரைப்பைத் துளைக் குழாய்: நீண்டகாலத் தேவைக்கு உரியது. அகநோக்கி முறையில், இரைப்பைக்குள் இறக்கப்பட்ட கருவியின் ஒளி வயிற்றுத் தோலின்மேல் தெரியும் இடத்தில் ஊசி குத்தப்பட்டு, அதன் வழியே நூல் ஒன்று உள்ளே விடப்படுகிறது. அந்நூலை வாய் வழியாக வெளியே எடுத்து, அதன் முனையில் குழாயைக் கட்டி, மறுமுனையை இழுக்கும்போது குழாய் தொண்டை வழியாக இறங்கி வயிற்றுத் துளையின் வழியே வெளிவருகிறது. குழாயின் உள்முனையில் உள்ள தட்டு அது வெளியேறிவிடாமல் தடுக்கிறது.

சிறுகுடல் துளைக் குழாய்: இடைச்சிறுகுடலில் அறுவை மூலம் பொருத்தப்படுவது. இரைப்பையோ உணவுக்குழலோ நீக்கப்பட்டவர்களுக்குப் பயன்படுகிறது.

குழாய்களின் புறவிட்டம் பிரெஞ்சு அலகில் குறிக்கப்படுகிறது. ஓர் அலகு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது 12 எண் கொண்ட குழாயின் விட்டம் 4 மில்லிமீட்டர் ஆகும். பி.வி.சி. நெகிழியாலான குழாய்கள் சில நாட்களில் விறைத்துவிடுவதால் குறுகிய காலத்திற்கே உகந்தவை. பாலியூரித்தேன், சிலிக்கோன் ஆகியவற்றாலான மெல்லிய குழாய்கள் நீண்ட நாட்கள் மென்மையாக இருக்கும்.

நுனியின் இடத்தை உறுதி செய்தல்

மூக்கு வழிக் குழாயை இடுவதற்கு முன், மூக்கு நுனியிலிருந்து காதுமடலின் கீழ்முனை வரையிலும், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்நுனி வரையிலும் உள்ள நீளம் அளக்கப்படுகிறது. நோயாளியை அமரவைத்து, உயவுப் பசை தடவிய குழாயை மூக்குத் தளத்தையொட்டி மெல்லச் செலுத்துவர். விழுங்க முடிந்தவரை விழுங்கச் சொல்வதால் குழாய் உணவுக்குழலுக்குள் எளிதாக இறங்கும். இருமலோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.

தொண்டையில் உணவுக்குழலும் மூச்சுக்குழலும் அருகருகே இருப்பதால், குழாய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. நினைவிழந்தவர்களிடம் இருமல் என்ற எச்சரிக்கையும் தோன்றாமல் போகலாம். அந்நிலையில் செலுத்தப்படும் உணவு நுரையீரலை நிரப்பி உயிரைப் பறிக்கக்கூடும்.

முன்னர், சிரிஞ்சினால் காற்றைச் செலுத்தி வயிற்றின்மேல் ஒலிமானியை வைத்துக் கேட்பது வழக்கமாக இருந்தது. ஆனால் நுரையீரலிலோ உணவுக்குழலிலோ குழாய் இருக்கும்போதும் அதே ஒலி வயிற்றில் கேட்கலாம். குழாயின் வெளிமுனையை நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா எனப் பார்ப்பதும் நம்பத்தக்கதன்று. இங்கிலாந்தின் நோயாளிப் பாதுகாப்பு நிறுவனம் இம்முறைகளுக்கு எதிராக 2005இல் எச்சரிக்கை வெளியிட்டது. 2009இல், தவறான இடத்தில் உள்ள குழாயைக் கண்டறியாது பயன்படுத்துதல், ஒருபோதும் நிகழக்கூடாத மருத்துவப் பிழைகளின் பட்டியலில் அங்குச் சேர்க்கப்பட்டது.

நம்பத்தக்க வழிகள் இரண்டு. ஒன்று, குழாய் வழியே சிறிதளவு நீர்மத்தை உறிஞ்சியெடுத்துச் சோதனைத் தாளில் அதன் பி.எச். மதிப்பைப் பார்த்தல். மதிப்பு 5.5 அல்லது அதற்குக் குறைவாக இருப்பின் நுனி இரைப்பையில் உள்ளது எனக் கொள்வர். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களிடம் மதிப்பு உயர்ந்து காணப்படலாம். மற்றொன்று, எக்சு-கதிர்ப் படம் எடுத்தல். ஐயம் உள்ளபோது இதுவே முடிவானது. இருமல், வாந்தி முதலியவற்றால் குழாய் பின்னர் இடம்பெயரக் கூடும் என்பதால், மூக்கருகே குழாயில் இட்ட குறியை ஒவ்வொரு முறை உணவளிக்கும் முன்பும் சரிபார்த்தல் வேண்டும்.

உணவும் செலுத்தும் முறையும்

தொழிற்சாலைகளில் தயாரிக்கப்படும் குழாய் உணவுகளில் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, உயிர்ச்சத்துகள், கனிமங்கள் ஆகியன கணக்கிட்ட அளவில் உள்ளன. பொதுவான வகைகள் ஒரு மில்லிலீட்டருக்கு 1 கிலோகலோரி ஆற்றல் தருபவை. நீர் அளவைக் குறைக்க வேண்டியவர்களுக்கு 1.5 முதல் 2 கிலோகலோரி தரும் செறிந்த வகைகளும் உண்டு.

வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோகிராம் எடைக்கு 25 முதல் 30 கிலோகலோரி என்பது பொதுவான கணக்கு. எடுத்துக்காட்டாக, 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு 1,250 முதல் 1,500 கிலோகலோரி தேவை. பொதுவான வகை உணவாயின் இது 1,250 முதல் 1,500 மில்லிலீட்டர் ஆகும். இவ்வுணவில் ஏறத்தாழ 85 விழுக்காடே நீர் என்பதால், எஞ்சிய நீர்த் தேவையைத் தனியாகக் குழாய் வழியே கொடுக்க வேண்டும். தாகம் எனச் சொல்ல இயலாத நோயாளிகளிடம் இது மறக்கப்பட்டு, நீரிழப்பு ஏற்படுவதுண்டு.

இந்தியாவில் வீட்டிலோ மருத்துவமனைச் சமையலறையிலோ அரைத்து வடிகட்டிய உணவும் பரவலாகப் பயன்படுகிறது. செலவு குறைவு என்பது இதன் நன்மை. ஆயினும் குழாயில் எளிதாக இறங்கும் வடிகஞ்சி, பருப்புநீர், இளநீர் ஆகியவற்றில் ஆற்றலும் புரதமும் மிகக் குறைவு. இவற்றையே நம்பியிருப்பவர், நாள்தோறும் ஒரு லீட்டருக்கு மேல் பெற்றும் மெலிந்துகொண்டே போகலாம். உணவைக் கெட்டியாக்கினால் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். நெடுநேரம் வெளியில் வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகும். எனவே உணவியல் வல்லுநரின் அளவுக் குறிப்புப்படி, தூய்மையாக, அவ்வப்போது தயாரித்தல் வேண்டும்.

இரைப்பைக்குச் செல்லும் உணவைச் சிரிஞ்சினால் வேளைக்கு 200 முதல் 300 மில்லிலீட்டர் வரை மெதுவாக இறக்கலாம். அல்லது சொட்டுச் சொட்டாகப் பல மணி நேரம் செலுத்தலாம். இரைப்பையைப் போலச் சிறுகுடல் உணவைத் தேக்கி வைப்பதில்லை. ஆகவே சிறுகுடலுக்குச் செல்லும் உணவை எக்கியின் உதவியுடன் சீராகவே செலுத்த வேண்டும். உணவளிக்கும்போதும் அதன் பின் ஒரு மணி நேரம் வரையும் நோயாளியின் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் ஏறத்தாழ 30 மில்லிலீட்டர் நீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும்.

மாத்திரைகளைத் தூளாக்கிக் குழாயில் செலுத்துவது எல்லா மருந்துகளுக்கும் பொருந்தாது. மெதுவாக வெளிப்படுமாறு அமைக்கப்பட்ட மாத்திரையைத் தூளாக்கினால், ஒரு நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்துவிடும். வலிப்பு மருந்தான பெனிட்டாயின், குழாய் உணவுடன் சேரும்போது குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மருந்துகளை உணவுடன் கலக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே கொடுத்து இடையே நீர் விட வேண்டும்.

சிக்கல்கள்

மூக்குப் புண், பக்கக்குழிவு அழற்சி, குழாய் அடைப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. வயிற்றுப்போக்கிற்கு உணவே காரணம் எனக் கருதி அதை நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் பல நேரங்களில் நுண்ணுயிர் எதிர்ப்பிகளோ சோர்பிட்டால் கலந்த நீர்ம மருந்துகளோதான் காரணமாக இருக்கின்றன.

குழாய் இருந்தாலும் புரையேறுதல் முற்றிலும் நீங்குவதில்லை. உமிழ்நீரும், இரைப்பையிலிருந்து மேலெழும் உணவும் மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும்.

இரைப்பைத் துளைக் குழாய் கழன்றுவிட்டால், துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். பொருத்திச் சில வாரங்களே ஆகியிருப்பின், குழாயை மீண்டும் உள்ளே தள்ள முயலக்கூடாது. துளையின் பாதை உறுதிப்படாத நிலையில் குழாய் வயிற்றறைக்குள் சென்று, உணவு அங்குக் கொட்டிவிடும்.

மீளுணவூட்டல் நோய்க்கூட்டறிகுறி

நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென உணவளிப்பதால் ஏற்படும் ஆபத்தான நிலை இதுவாகும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், முகாம்களிலிருந்து மீட்கப்பட்டுப் பட்டினியிலிருந்து தப்பியவர்களுள் சிலர் உணவளிக்கப்பட்ட பின்னரே இதயம் செயலிழந்து இறந்தனர்.

பட்டினியின்போது உடல் கொழுப்பை எரித்து வாழ்கிறது. இன்சுலின் சுரப்பு குறைந்திருக்கும். மாவுச்சத்து திடீரென வந்து சேரும்போது இன்சுலின் உயர்ந்து, பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைக் குருதியிலிருந்து செல்களுக்குள் இழுத்துச் செல்கிறது. உடலில் இவற்றின் இருப்பு ஏற்கெனவே குறைந்திருப்பதால் குருதியில் அளவு வீழ்ந்து, இதயத் துடிப்புக் குலைதல், மூச்சுத் தசைகள் தளர்தல் ஆகியன நேர்கின்றன. தயமின் உயிர்ச்சத்து போதாமையால் மூளையும் பாதிக்கப்படலாம்.

பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, பத்து நாட்களுக்கு மேல் ஏறத்தாழ எதுவும் உண்ணாதவர்களும், உடல் நிறைச் சுட்டெண் 16க்குக் கீழ் உள்ளவர்களும் உயர் ஆபத்தினர் ஆவர். இவர்களுக்கு ஒரு கிலோகிராம் எடைக்கு 10 கிலோகலோரிக்கு மிகாமல் தொடங்கி, சில நாட்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். தயமினை உணவுக்கு முன்பே கொடுத்து, குருதியின் உப்பு அளவுகளை நாள்தோறும் பார்க்க வேண்டும்.

பயனும் வரம்பும்

பக்கவாத நோயாளிகளிடம் பல நாடுகளில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான பெரிய ஆய்வொன்று, முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு வயிற்றுத் துளைக் குழாயைவிட மூக்கு-இரைப்பைக் குழாயே தக்கது என்ற கருத்துக்கு வலுவூட்டியது. பக்கவாதத்திற்குப் பின் பலருக்கு விழுங்கும் திறன் சில வாரங்களில் மீள்வதால், நிலையான குழாய் பற்றிய முடிவைத் தள்ளிவைக்க இயலும்.

முற்றிய மறதிநோயில் நிலைமை வேறு. இந்நோயாளிகளுக்குக் குழாய் பொருத்துவது வாழ்நாளை நீட்டிப்பதாகவோ புரையேறுதலையும் படுக்கைப் புண்ணையும் தடுப்பதாகவோ சான்று இல்லை. குழாயைப் பிடுங்காதிருக்கக் கைகளைக் கட்டிவைக்கும் நிலையும் ஏற்படுகிறது. அமெரிக்க முதியோர் மருத்துவக் கழகம் 2014இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், இவர்களுக்குக் குழாய்க்கு மாறாகப் பொறுமையுடன் கையால் ஊட்டுவதைப் பரிந்துரைத்தது.

பசித்தவரைப் பட்டினி போடுகிறோமோ என்ற அச்சமே பல குடும்பங்களைக் குழாய்க்கு இசையச் செய்கிறது. ஆயினும் வாழ்வின் இறுதி நாட்களில் பசியும் தாகமும் குறைவது இறத்தலின் ஒரு பகுதியேயன்றி அதற்குக் காரணமன்று. அந்நிலையில் உதட்டையும் நாவையும் ஈரமாக வைத்திருப்பதும், விரும்பினால் ஓரிரு கரண்டி உணவை ஊட்டுவதும் பேணலே ஆகும்.

வற்புறுத்தி உணவூட்டல்

உண்ண இயலாதவருக்காக உருவான குழாய், உண்ண மறுப்பவர்மீதும் பயன்படுத்தப்பட்டுள்ளது. 1909 செப்டம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்காம் சிறையில், வாக்குரிமை கோரி உண்ணாநோன்பு இருந்த பெண்களுக்கு வலிந்து உணவூட்டல் தொடங்கப்பட்டது. 1917இல் அயர்லாந்து விடுதலைப் போராளி தாமசு ஆசு, டப்ளின் சிறையில் வலிந்து உணவூட்டப்பட்டதைத் தொடர்ந்து இறந்தார். இந்தியாவில், ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து 2000 நவம்பரில் உண்ணாநோன்பு தொடங்கிய மணிப்பூரின் இரோம் சர்மிளாவுக்கு, அவர் 2016 ஆகத்தில் நோன்பை முடிக்கும்வரை காவலில் மூக்குக் குழாய் வழியாக உணவு செலுத்தப்பட்டது.

உலக மருத்துவச் சங்கம் 1975இல் வெளியிட்ட டோக்கியோ அறிக்கையும் 1991இல் வெளியிட்ட மால்டா அறிக்கையும், தெளிந்த மனநிலையில் தாமாக உணவை மறுக்கும் ஒருவருக்கு மருத்துவர் செயற்கையாக உணவூட்டலாகாது எனக் கூறுகின்றன.

சட்ட நிலை

குழாய் வழி உணவு என்பது எவரிடமிருந்தும் விலக்கலாகாத உணவா, நோயாளி மறுக்கக்கூடிய மருத்துவமா என்ற வினா நீதிமன்றங்களின் முன் பலமுறை வந்துள்ளது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1990இல் நான்சி குரூசன் வழக்கிலும், பிரித்தானியப் பிரபுக்கள் அவை 1993இல் டோனி பிளாண்டு வழக்கிலும் இதனை மருத்துவமாகவே அணுகின. அமெரிக்காவில் டெரி சைவோவின் கணவருக்கும் பெற்றோருக்கும் இடையே இவ்வினா பற்றி நிகழ்ந்த நெடிய வழக்கு, 2005 மார்ச்சில் குழாய் அகற்றப்பட்டு அவர் இறந்ததுடன் முடிந்தது. அவர் தம் விருப்பத்தை எழுத்தில் பதியாதிருந்ததே அவ்வழக்கு நீண்டதற்கு ஒரு காரணம். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று, மீள வாய்ப்பற்ற நிலையில் தமக்கு எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது.

வாய்வழிக்குத் திரும்புதல்

குழாய் இருக்கும்போதும் வாயைத் தூய்மையாக வைத்திருத்தல் இன்றியமையாதது. வாயில் பெருகும் நுண்ணுயிர்கள் உமிழ்நீருடன் நுரையீரலுக்குச் செல்வதே நியுமோனியாவின் காரணங்களுள் ஒன்று. விழுங்கும் திறன் மீள்கிறதா எனப் பேச்சு, விழுங்குதல் பயிற்சி வல்லுநர் அவ்வப்போது சோதிப்பார். முதலில் கூழ்ம உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, வாயால் உண்ணும் அளவு உயர உயரக் குழாய் உணவைக் குறைப்பர். நோயாளி தம் தேவையின் பெரும்பகுதியை வாயாலேயே உண்டு எடை குறையாதிருக்கும்போது குழாய் அகற்றப்படுகிறது. நன்கு உறுதிப்பட்ட வயிற்றுத் துளையும், குழாய் எடுக்கப்பட்ட பின் பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே மூடிக்கொள்ளும்.

இவற்றையும் பார்க்க

• சிரைவழி உணவூட்டல்
• விழுங்கற்கோளாறு
• பக்கவாதம்
• ஊட்டக்குறை
• உண்ணாநோன்பு